உங்களுக்குத் தெரியுமா? – ராடு தூக்கத் தொடங்கும் முன்

ஜிம்மில் சேர்ந்த வாரமே கடைக்குப் போய் கையுறை, பெல்ட், முழங்கால் பட்டை, மணிக்கட்டுப் பட்டை என்று பை நிறைய வாங்கி வருகிறவர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றை முதல் சில மாதங்களுக்குத் தொடவே வேண்டியதில்லை. பளு உடம்பைத் தொடுவது ராடைப் பிடிக்கும் உள்ளங்கையில். அந்தப் பளு தரையில் இறங்குவது பாதத்தின் வழியாக. முதல் காசு இந்த இரண்டு இடங்களுக்கும் போகட்டும். உடம்பைச் சுற்றிக் கட்டுகிற சாமான்கள் மெதுவாக வந்தால் போதும்.

● போட்டிகளில் ஆண்கள் தூக்கும் ராடு, ஒரு பிளேட்கூட மாட்டாத நிலையிலேயே 20 கிலோ. நீளம் 2.2 மீட்டர், பிடிக்கும் இடத்தின் விட்டம் 28 மில்லிமீட்டர். பெண்களுக்கான ராடு 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மில்லிமீட்டர். முன்னதில் நீல அடையாளம் இருக்கும், பின்னதில் மஞ்சள். அந்த 3 மில்லிமீட்டர் வித்தியாசம் கையளவை வைத்து வந்தது. விரல்கள் ராடைச் சுற்றி முழுசாக மூடினால்தான் பிடி நிற்கும். அதனால் பள்ளிக்கூடப் பையன்களும் கை சிறிய ஆண்களும் 15 கிலோ ராடிலேயே தொடங்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

● "நான் 40 கிலோ போடுகிறேன்" என்று சொல்பவரிடம் ராடையும் சேர்த்தா என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பிளேட்டை மட்டும்தான் கூட்டியிருப்பார்கள். ராடு, பிளேட் இரண்டும் சேர்ந்ததே கணக்கு. போட்டி மேடையில் பிளேட் நகராமல் இருக்க மாட்டும் காலரும் கணக்கில் சேரும். ஒரு காலர் 2.5 கிலோ, இரண்டும் சேர்ந்து 5 கிலோ.

● போட்டி பிளேட்களுக்கு நிறம்தான் எடைச் சீட்டு. 25 கிலோ சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. சின்ன பிளேட்களிலும் இதே வரிசை திரும்ப வரும்: 2.5 சிவப்பு, 2 நீலம், 1.5 மஞ்சள், 1 பச்சை. 5 கிலோவும் அரைக் கிலோவும் வெள்ளை.

இது தெரிந்துவிட்டால் டி.வி.யில் பளுதூக்குதல் பார்ப்பதன் சுவையே வேறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானு, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (ராடை முதலில் தோளுக்கு ஏற்றி, பிறகு தலைக்குமேல் தள்ளுவது) தூக்கியது 115 கிலோ. அதில் ராடுக்கும் காலருக்கும் 20 கிலோவைக் கழித்தால் மிச்சம் 95. பக்கத்துக்கு 47.5. அதாவது ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு குட்டிச் சிவப்பு. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது ஸ்நாட்ச்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது) தூக்கியது 149 கிலோ. காலருடன் ராடு 25 கிலோ போக, பக்கத்துக்கு 62: இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு குட்டி நீலம். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. பக்கத்துக்கு மூன்று சிவப்பு, ஒரு குட்டி நீலம். தொடக்கக்காரர் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்துக்கொண்டால், ஜிம்மில் ஒரு பக்கம் ஒரு எடையும் மறுபக்கம் வேறு எடையும் மாட்டிவிட்டுத் தடுமாற மாட்டார்.

● வீட்டு உபயோகத்துக்கென்று பெட்டியில் வரும் "ஹோம் ஜிம் செட்" இருக்கிறதே, அதைப் பிரித்துப் பார்த்தால் 3 அடி கர்ல் ராடு ஒன்று, 5 அடி நேர் ராடு ஒன்று, டம்பெல் ராடு இரண்டு, திருகி மாட்ட நட்டுகள், பிளாஸ்டிக் உறை போட்ட பிளேட்கள் இருக்கும். பிளேட்டின் நடு ஓட்டை ஏறக்குறைய 28, 30 மில்லிமீட்டர். போட்டி ராடின் முனையோ 50 மில்லிமீட்டர் பருமன். நாளைக்கு நல்ல ராடு ஒன்று வாங்கினால் இந்த பிளேட் ஒன்றுகூட அதில் ஏறாது. பெட்டியை வாங்குமுன் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

அதற்காக அந்த செட்டையே ஒதுக்கச் சொல்லவில்லை. நின்றபடி தலைக்குமேல் தள்ளுவது, குனிந்து இழுப்பது, கர்ல் எல்லாம் அதில் தாராளமாகச் செய்யலாம். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, நட்டு. ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் கையால் ஒருமுறை இறுக்குங்கள். ஆட்டத்தில் அது தானாகக் கழன்றுகொண்டே வரும். இன்னொன்று, உயரம். போட்டியின் பெரிய பிளேட் 45 சென்டிமீட்டர் விட்டம், அதனால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் காத்திருக்கும். வீட்டு செட்டின் பிளேட் சின்னது; ராடு கணுக்காலுக்குப் பக்கத்தில் கிடக்கும். அங்கிருந்து டெட்லிஃப்ட் இழுத்தால் முதுகு வளைந்துவிடும். இரண்டு பக்கமும் உறுதியான மரக்கட்டை வைத்து ராடை முழங்காலுக்குக் கீழே, காலின் நடுப்பகுதிவரை உயர்த்திக்கொள்ளுங்கள்.

● ஸ்நாட்ச், கிளீன் கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் ராடின் முனை சுழல வேண்டும். அப்படிச் சுழலும் ராடை ஜெர்மனியின் நூரம்பெர்க்கைச் சேர்ந்த காஸ்பர் பெர்க் செய்து, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் அது பயன்பட்டது. கிளீன் செய்யும்போது ராடைப் பிடித்த கை நொடியில் புரண்டு தோளுக்கு வருகிறது. முனை சுழன்றால் பிளேட் அங்கேயே நிற்க, ராடு மட்டும் கையோடு திரும்பும். சுழலாவிட்டால் அத்தனை பிளேட்டின் முறுக்கலையும் மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.

கடையில் சோதிப்பது எளிது. ராடை ஸ்டாண்டில் வைத்து முனையைக் கையால் சுற்றிவிடுங்கள். சத்தமில்லாமல் சீராகச் சுழல வேண்டும். பிறகு நடுக்கம்பியை உருட்டுங்கள். முனை மேலும் கீழும் ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது, வேண்டாம்.

● ராடில் வரிவரியாக வெட்டிய சொரசொரப்புக்கு நடுவே, இரண்டு பக்கமும் வழவழப்பான ஒரு வளையம் தெரியும். கையை இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் வைப்பதற்கான குறி அது. ஒலிம்பிக் பளுதூக்குதல் ராடில் இரண்டு வளையத்துக்கும் இடைவெளி 91 சென்டிமீட்டர், பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றுக்குமான தனிப் போட்டி) ராடில் 81. ஜிம் மாறும்போது "நேற்றுவரை சரியாக இருந்த பிடி இன்று அகலமாகத் தோன்றுகிறதே" என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வளையத்தைத்தான்.

● 1902-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வெர்ட் என்பவர் மைலோ பார்பெல் கம்பெனியைத் தொடங்கி, எடையைக் கூட்டிக் குறைக்கும் பார்பெல்லை அந்த நாட்டு மக்களுக்கு விற்றார். அதற்கு முன் பரவலாக இருந்தது, இரண்டு முனையிலும் இரும்பு உருண்டை பதித்த பார்பெல். ஒரு உருண்டைக்கு ஒரு எடைதான்.

கூட்டிக் குறைக்கும் வசதி வந்து நூறாண்டுக்கு மேல் ஆகியும், தொடக்கக்காரர்கள் வாங்க மறக்கும் பொருள் குட்டி பிளேட். பல ஜிம்களில் இருப்பதிலேயே சிறியது 2.5 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக 5 கிலோ ஏறும். 100 கிலோ ஸ்குவாட் போடுகிறவருக்கு அது இருபதில் ஒரு பங்கு. தலைக்குமேல் 25 கிலோ தள்ளும் ஒரு பெண்ணுக்கோ ஐந்தில் ஒரு பங்கு! அங்கேயே அவர் மாதக்கணக்கில் முட்டி நிற்பார். "எனக்கு இவ்வளவுதான்" என்று விட்டுவிடவும் செய்வார். குறை அவரிடம் கிடையாது, பிளேட்டில்தான். உலகப் போட்டியிலேயே அடுத்த முயற்சிக்கு 1 கிலோ கூட்டினால் போதும் என்பது விதி. அரைக் கிலோ பிளேட் இரண்டு, ஒரு கிலோ பிளேட் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புதிதாகத் தொடங்கும் பெண்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இந்த நான்கு துண்டுகளைத்தான். கையுறையைவிட, பெல்ட்டைவிட இவை பல மடங்கு உதவும்.

● ஓடுவதற்கான ஷூ, பளு தூக்க உதவாது. ஓடும்போது அடி அதிராமல் இருக்க அதன் அடிப்பாகத்தில் பஞ்சுபோன்ற மெத்தை வைத்திருப்பார்கள். முதுகில் 60 கிலோ ராடை ஏற்றிக்கொண்டு அந்த மெத்தைமேல் நின்றால் பாதம் உள்ளேயும் வெளியேயும் சாயும், முழங்காலும் கூடவே ஆடும். ஷூவின் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது ஓடுவதற்கு. தட்டையான, கெட்டியான அடி கொண்ட சாதாரண கான்வாஸ் ஷூ இதைவிட எவ்வளவோ மேல். டெட்லிஃப்டுக்கு வெறுங்காலோடு நிற்பதும் நல்லதுதான், ஜிம்மில் அனுமதித்தால்.

பளுதூக்குதலுக்கென்றே வரும் ஷூவின் குதிகால் சுமார் 2 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும், கல்போல் கெட்டியாகவும் இருக்கும். அந்தக் காலத்தில் மரத்தில் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் கெட்டிப் பிளாஸ்டிக். குதிகால் உயர்ந்தால் முழங்கால் முன்னே போக இடம் கிடைக்கும், நெஞ்சு நிமிர்ந்திருக்க முழுசாகக் குந்தலாம். உங்களுக்கு அது தேவையா என்று அறிய ஒரு சோதனை: வெறுங்காலில், குதிகால் தரையைவிட்டு எழாமல், முதுகு கூன் விழாமல் குந்தி உட்காருங்கள். சிரமமில்லாமல் உட்கார்ந்தால் அந்த ஷூவுக்கு அவசரமில்லை. குதிகால் எழுந்துவிட்டால், முதல் பெரிய செலவு அதுவாகவே இருக்கட்டும்.

● பவர்லிஃப்டிங் போட்டியில் டெட்லிஃப்டுக்கு நீளமான காலுறை கட்டாயம். ராடு காலை உரசிக்கொண்டே மேலே வருவதால் தோல் சிராயும், ரத்தம் ராடில் படும். கால்பந்துக் காலுறை ஒரு ஜோடி போதும்.

● பெல்ட் முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அதன் வேலை வயிற்றுப் பக்கம் நடக்கிறது. தூக்குமுன் ஆழமாக மூச்சிழுத்து, வயிற்றை நாலாபக்கமும் வெளியே தள்ளி இறுக்க வேண்டும். அப்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, முதுகெலும்பை முன்பக்கமிருந்து முட்டுக்கொடுக்கிறது. தள்ளும் வயிற்றுக்கு எதிர்த்து நிற்க ஒரு சுவர் கிடைத்தால் அழுத்தம் இன்னும் கூடும். அந்தச் சுவர்தான் பெல்ட். வயிற்றைத் தள்ளவே தெரியாதவருக்கு அது இடுப்பில் மாட்டிய தோல் துண்டு, அவ்வளவே.

நல்ல மாஸ்டர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெல்ட்டோடு கர்ல் போட்டுக்கொண்டிருக்கும் பையனிடம் போய், "தம்பி, பெல்ட்டைக் கழட்டிட்டு வெறும் ராடைத் தோள்ல வை. இப்ப மூச்சை இழுத்து வயித்தைக் கட்டு, உன் விலாவுல என் விரலை வெச்சிருக்கேன், அதைத் தள்ளு பார்ப்போம்" என்பார்கள். "தள்ள வரல மாஸ்டர்" என்றால், "அப்ப பெல்ட்டு பையிலயே இருக்கட்டும்" என்று பதில் வரும்.

வாங்கும் நாள் வரும்போது: ஒலிம்பிக் பளுதூக்குதல் விதிப்படி அகலம் 12 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. பவர்லிஃப்டிங்கில் 10 சென்டிமீட்டர்தான் உச்ச வரம்பு, கனம் 13 மில்லிமீட்டர். பின்பக்கம் அகன்று வயிற்றுப் பக்கம் ஒடுங்கும் பெல்ட்டும் கிடைக்கிறது, சுற்றிலும் ஒரே அகலத்தில் இருப்பதும் கிடைக்கிறது. ஸ்குவாட், டெட்லிஃப்ட் செய்கிறவருக்கு இரண்டாவதே பொருத்தம்; வயிறு தள்ளும் இடத்தில் சுவர் அகலமாக இருக்க வேண்டுமே. மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பி.பி., இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

● கையுறை போட்டால் ராடு தடிக்கும், தடித்தால் பிடி தளரும். அதற்குப் பதில் வெள்ளைத் தூள் தடவுங்கள். அது மக்னீசியம் கார்பனேட். பள்ளிக்கூட சாக்பீஸ் வேறு பொருள். அதைப் பொடித்துத் தடவிப் பயனில்லை. சென்னைபோன்ற கடலோர ஊர்களில் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்காமல் இருக்காது. ஒரு கட்டி வாங்கினால் பல மாதம் வரும். தூள் பறக்கிறது என்று சில ஜிம்களில் தடுப்பார்கள். அவர்களுக்காகவே திரவமாகவும் வருகிறது, தடவினால் சில நொடிகளில் காய்ந்துவிடும்.

உள்ளங்கை காய்த்துப்போகும் என்ற பயம் பலருக்கு. காய்ப்பு வரட்டும், அது கையின் பாதுகாப்பு. மேடு தட்டி நிற்கும் காய்ப்புதான் ராடில் மாட்டிக் கிழியும். குளித்ததும் தோல் ஊறியிருக்கும்போது, குதிகால் தேய்க்கும் கல்லால் வாரம் ஒருமுறை மேட்டைச் சமப்படுத்தினால் கிழியாது.

ஸ்நாட்ச் பழகுகிறவர்கள் கட்டைவிரலை முதலில் ராடோடு ஒட்டி மடக்கி, அதன்மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் போட்டுப் பூட்டுவார்கள். ஹூக் கிரிப் என்பது இதுதான். முதல் சில வாரங்கள் கட்டைவிரல் வலிக்கும். இழுபடும் துணி டேப்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் தோல் உரியாது.

● மணிக்கட்டில் மாட்டி ராடைச் சுற்றிக்கொள்ளும் ஸ்ட்ராப், பயிற்சியில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒலிம்பிக் மேடையில் அதற்கு இடமில்லை.

● தொடையில் பவுடர் பூசிக்கொண்டு டெட்லிஃப்ட் இழுப்பது பவர்லிஃப்டிங்கில் செல்லும். ஒலிம்பிக் பளுதூக்குதலில் தொடையில் எண்ணெய், பவுடர், தண்ணீர் எதுவும் தடவக் கூடாது.

● முழங்கால் உறை வலியைக் குணப்படுத்தாது. மூட்டைக் கதகதப்பாக வைக்கும், லேசான இறுக்கத்தில் ஒரு தைரியம் வரும். வலி இருந்தால் அதை உறைக்குள் மறைத்துக்கொண்டு தூக்காதீர்கள்.

● போட்டி உடை முழங்கை, முழங்காலை மறைக்கக் கூடாது என்றுதான் முன்பு விதி இருந்தது. மூட்டு முழுசாக நீண்டதா என்று நடுவர் பார்க்க வேண்டும் என்பது காரணம். பாகிஸ்தான் வம்சாவளி அமெரிக்கரான குல்சூம் அப்துல்லா, ஹிஜாபுடனும் உடலை மறைக்கும் உடையுடனும் போட்டியிட அனுமதி கேட்டார். 2011-ல் சர்வதேச பளுதூக்குதல் சம்மேளனம் விதியை மாற்றி, உடம்போடு ஒட்டிய முழுநீள உடையை உள்ளே அணியலாம் என்றது. உடையை நினைத்து ஜிம் வாசலோடு திரும்பும் பெண்கள் நம் ஊரிலும் உண்டு. முழங்காலும் முழங்கையும் தாராளமாக மடங்கும் எந்த உடையும் போதும். ராடில் சிக்கும் துப்பட்டாவையும், தொளதொளப்பான சட்டையையும் மட்டும் தவிருங்கள்.

● தனியாக பெஞ்ச் பிரஸ் செய்கிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் ஒன்று, கேட்பதற்கு விபரீதமாக இருக்கும்: பிளேட்டுக்கு லாக் போடாதீர்கள். ராடு நெஞ்சில் சிக்கி, தூக்கிவிட ஆளில்லை என்றால், ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை நழுவவிட்டுத் தப்பிக்க அதுதான் வழி. ஆனால் அது கடைசி வழி. நெஞ்சுக்குச் சற்றுக் கீழே ராடைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பியோடு கூடிய ஸ்டாண்ட் இருந்தால் இந்தப் பாடே இல்லை. வீட்டில் ஜிம் அமைப்பவர் பெஞ்சுக்கு முன்னால் அந்த ஸ்டாண்டை வாங்க வேண்டும். இதில் மட்டும் விலையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். இந்த முழுப் பட்டியலிலும் உயிரைக் காக்கும் பொருள் இது ஒன்றுதான்.

● ஸ்டாண்டிலிருக்கும் ராடில் ஒரு பக்கத்து பிளேட்டை எல்லாம் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால், ராடு தூக்கிக்கொண்டு போய் யாரையாவது தாக்கும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மாறிமாறிக் கழற்றுங்கள்.

● போட்டி மேடை 4 மீட்டருக்கு 4 மீட்டர். தலைக்குமேலிருந்து ராடைக் கீழே விடுவதால் அங்கே ரப்பர் பூசிய பம்பர் பிளேட்தான். இரும்பு பிளேட்டை வீட்டு டைல்ஸில் விட்டால் டைல்ஸும் போகும், ராடும் வளையும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஸ்நாட்ச்சை ஜிம்முக்கு ஒதுக்கிவிட்டு, வீட்டில் மெதுவாக இறக்கி வைக்கும் பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொள்வது கீழ்வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. 5 கிலோ பம்பரை மட்டும் மாட்டி மேலிருந்து போடாதீர்கள். மெல்லிய அந்த பிளேட் வளைந்துவிடும்.

● 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒற்றைக் கையால் தூக்கும் போட்டி இருந்தது. 71 கிலோ தூக்கி அதை வென்ற பிரிட்டன் வீரர் லான்செஸ்டன் எலியட் பிறந்தது இந்தியாவில். இரு கை போட்டியில் அவரும் டென்மார்க்கின் விகோ ஜென்சனும் ஒரே எடையைத் தூக்க, ஒழுங்காகத் தூக்கியவர் என்று ஜென்சனுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

● தென்மாவட்டக் கிராமங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வழவழப்பான உருண்டைக் கல், பிடிக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. முதலில் தொடைக்கு, பிறகு நெஞ்சுக்கு, அங்கிருந்து தோளுக்கு. அதைத் தூக்குகிறவர்கள் கட்டுவது இடுப்பில் வேட்டி மட்டும்.

● பழைய பிளேட்டை வாங்கத் தயங்க வேண்டாம். இரும்புக்குத் துரு பிடித்தாலும் தேய்த்து பெயின்ட் அடித்தால் புதுசு. ராடை மட்டும் உருட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். போட்டி பிளேட்டில் 20 கிலோ என்று எழுதியிருந்தால் 20 கிராம் கூடலாம், 10 கிராம் குறையலாம். அதைத் தாண்டினால் செல்லாது. சாதாரண வார்ப்பு பிளேட்களுக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது; 10 என்று பொறித்தது உண்மையில் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். மளிகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, வந்த எடையை உள்பக்கம் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். எடை நெருங்கி வரும் இரண்டு பிளேட்களை ஜோடி சேர்த்து, ராடின் இரண்டு பக்கமும் எப்போதும் அந்த ஜோடியையே மாட்டுங்கள்.